வாடை தொடங்குமுன்: மண்டபம் முகாமில் மழைக்கால நிவாரணம் செய்ய முழுமையான வழிகாட்டி

வருடம் தவறாமல் முதல் புயல் செய்தி டிவியில் வந்த அன்றைக்குத்தான் எனக்கு போன் வரும். "அண்ணே, ராமேசுவரம் பக்கத்து மண்டபத்தில இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமுக்குப் போர்வை கொடுக்கணும், எத்தனை வேணும்?" கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்த வாரம் போய்ச் சேரும் போர்வை, ஒழுகும் கூரைக்குக் கீழே ஒரே ராத்திரியில் நனைந்து, காயவும் வழியில்லாமல் மூலையில் சுருண்டு கிடக்கும். போர்வை இந்த வேலையின் கடைசிப் படி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் செய்ய வேண்டும், ஏன் அந்த வரிசை என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். நமக்குக் கெடு அதுவல்ல, அக்டோபர் முதல் வாரம். தார்ப்பாயைக் காய்ந்த கூரையில்தான் ஒழுங்காகக் கட்ட முடியும். ஈரக் கூரையில் ஏணி வைத்து ஏறுவது விபத்தில் முடியும்.

அங்கிருந்து எட்டு வாரம் பின்னால் போங்கள். ஆகஸ்ட் நடுவில், அதாவது ஆவணி பிறக்கும்போது வேலை தொடங்க வேண்டும். அனுமதிக்கு இரண்டு வாரம், வீடு வீடாகக் கணக்கெடுக்க இரண்டு வாரம், வாங்கி வந்து சரிபார்க்க இரண்டு வாரம், கூரை வேலைக்கும் விநியோகத்துக்கும் மிச்சம் இரண்டு வாரம். புதிதாக வருபவர்கள் முதலில் பணம் சேர்ப்பார்கள், பிறகு பொருள் வாங்குவார்கள், கடைசியில் அனுமதிக்கு அலைவார்கள். அதற்குள் ஐப்பசி வந்துவிடும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இங்கே மார்கழியில்கூட வடநாட்டுக் குளிர் கிடையாது. ஆளை வாட்டுவது ஈரமும் காற்றும். மண்டபம் இரண்டு கடலுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஒடுக்கமான நிலம். வாடைக்காற்று வடகடலிலிருந்து நேரே அடிக்கும், தடுக்க மேடு பள்ளம் எதுவும் இல்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளை நினைத்துக்கொண்டுதான் பட்டியல் போட வேண்டும்.

2. அனுமதியும் பணமும்

முகாம் அரசுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வெளியாட்கள் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கடிதம் எழுதி, அதன் நகலை முகாம் பொறுப்பிலுள்ள வருவாய்த் துறை அதிகாரிக்கும் கொடுங்கள். வருபவர்களின் பெயர், அடையாள அட்டை நகல், வண்டி எண், கொண்டுவரும் பொருள்களின் பட்டியல், தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்கட்டும். நம் கையில் இருக்கும் நகலில் பெறுதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கெடுப்புக்கு ஒன்று, கூரை வேலைக்கு ஒன்று, விநியோகத்துக்கு ஒன்று, முதல் மழைக்குப் பின் பார்க்க ஒன்று என நான்கு வருகைக்கும் சேர்த்து ஒரே கடிதத்தில் கேட்டுவிடுவது நல்லது.

தெரிந்தவர் மூலம் வாசலில் பேசி உள்ளே போய்விடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கான விசாரணை நமக்கு வராது. நம்மை வீட்டுக்குள் விட்டவர்களுக்குத்தான் வரும். அவர்களுக்கு அந்தச் சுமையைக் கொடுக்கவே கூடாது.

பணத்தில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்கள் உடனே அனுப்பத் தயாராக இருப்பார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தரும் நன்கொடை, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன் கீழ் வரும். அந்தச் சட்டத்தின்படி பதிவு செய்யாத சங்கமோ மன்றமோ அதை வாங்கக் கூடாது. பதிவு உள்ள ஒரு அமைப்பு வாங்கி நமக்கு மாற்றிக் கொடுப்பதையும் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. ஆகவே அவர்களிடம், பதிவு உள்ள அமைப்புக்கே கொடுத்து அதன் பெயரிலேயே வேலை நடக்கட்டும் என்று சொல்லுங்கள். யாருடைய சொந்தக் கணக்கிலும் பணத்தைப் போட்டு வைக்க வேண்டாம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இந்தத் தடைக்குள் வராது.

3. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுங்கள்

மொத்த வேலையும் நிற்பது இந்தப் படியில்தான். இங்கே அவசரப்பட்டால் பின்னால் எதைச் செய்தும் சரிக்கட்ட முடியாது.

ஒரு நீள நோட்டு போதும். வரிசை எண், வீட்டு எண், ஆட்கள் எத்தனை, அதில் ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை, அறுபதுக்கு மேலே எத்தனை, கர்ப்பிணி அல்லது உடல் ஊனமுற்றவர் உண்டா, கூரை என்ன வகை, எங்கே ஒழுகுகிறது, தரை உயரமா தாழ்வா, தண்ணீர் சேர்த்து வைக்க என்ன இருக்கிறது. இவ்வளவுதான். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வீட்டில் பகலில் பெரும்பாலும் பெண்கள்தான் இருப்பார்கள். ஆண்கள் பெயிண்டிங் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போயிருப்பார்கள்.

பேச்சில் ஒரு கவனம் தேவை. எங்களோடு முதல்முறை வந்த கல்லூரித் தம்பி ஒருவன் "கொசுவலை இருக்கா?" என்று ஒரு பாட்டியிடம் கேட்டான். அவர் "நுளம்பு வலையோ? அது கிழிஞ்சு போச்சு" என்றார். தம்பிக்குப் பிடிபடவில்லை, "இல்லை" என்று எழுதிக்கொண்டான். கிழிந்த வலைக்கு ஊசியும் நூலும் போதும், இல்லாத வலைக்குப் புது வலை வேண்டும். இரண்டும் வேறு வேறு செலவு. கொசுவுக்கு நுளம்பு, சோப்புக்கு சவர்க்காரம், துண்டுக்குத் துவாய், சமையலறைக்குக் குசினி. இந்த நாலைந்து சொற்களை முதல் நாளே சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்.

அதே வரிசையில் ஓர் அக்கா சொன்னதுதான் எங்கள் பட்டியலையே தலைகீழாக மாற்றியது. அலமாரியைத் திறந்து காட்டினார். மடிப்பு கலையாத போர்வைகள் அடுக்கியிருந்தன. "போர்வை கிடக்கு தம்பி. போன வருசமும் தந்தவை, அதுக்கு முந்தியும் தந்தவை. இந்தக் கூரையை ஒருக்காப் பாருங்கோ." நிமிர்ந்து பார்த்தால் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டில் நீளமாக ஒரு விரிசல். அதற்கு நேர் கீழே ஒரு சோற்றுப் பானை, முந்தின நாள் தூறலின் தண்ணீர் அதில் பாதிக்கு நின்றது.

"என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் நாம் என்ன வைத்திருப்போம் என்று யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். "போன மழையில் ராத்திரி எங்கே படுத்தீர்கள்?" என்று கேளுங்கள். கூரை, தரை, பாய், பிள்ளைகள் என எல்லாம் அந்த ஒரு கேள்விக்கே வந்துவிடும்.

இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உலக அளவில் நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் அளவுகோலின்படி ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம் வேண்டும். பத்துக்குப் பத்து அறை என்றால் 9.3 சதுர மீட்டர், மூன்று பேருக்கே போதாது. அதில் ஐந்து பேர் இருந்தால் இரண்டு பேர் தாழ்வாரத்தில் படுப்பார்கள். அந்தத் தாழ்வாரத்தில் சாரல் அடிக்கிறதா என்று பாருங்கள்.

விடுபடுபவர்கள் யார் என்பது அநேகமாக முன்கூட்டியே தெரிந்ததுதான். பூட்டிய வீடு, ஒரே வீட்டு எண்ணில் இருக்கும் இரண்டாவது குடும்பம், தனியாக இருக்கும் வயதான அம்மாமார், 2022-இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு படகேறி வந்தவர்கள். பழைய பட்டியலை மட்டும் வைத்து எண்ணினால் இந்தக் கடைசிக் கூட்டம் கண்ணிலேயே படாது. முகாம் தலைவரிடமும் பெண்கள் குழுவிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள்.

எப்படி வந்தீர்கள், வீட்டில் யார் செத்தார்கள், குடியுரிமை கிடைக்குமா என்ற கேள்விகள் வேண்டாம். தார்ப்பாய் அளவுக்கு அவை தேவையில்லை. 1983-இலிருந்து அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சலித்த மனிதர்கள் அவர்கள். "கட்டாயம் கொண்டுவந்து தருவோம்" என்று வாக்குக் கொடுப்பதும் வேண்டாம். "எழுதிக்கொள்கிறோம், இந்தத் தேதிக்குள் வந்து சொல்கிறோம்" என்பது போதும். அந்தத் தேதியில் கட்டாயம் போங்கள்.

4. முதல் செலவு கூரைக்கு

கையில் இருக்கும் பணத்தில் முதலில் கூரைக்கு எடுத்து வையுங்கள். மற்றப் பொருள்கள் எல்லாம் நனையாமல் இருப்பது கூரையால்தான்.

தார்ப்பாய் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று கேளுங்கள். கடையில் மலிவாகக் கிடைப்பது 90 ஜிஎஸ்எம் அளவில் இருக்கும். வெயிலில் காய்ந்து, வாடை அடித்த இரண்டாவது வாரத்திலேயே நார் நாராகிவிடும். 200 ஜிஎஸ்எம்மை ஒட்டி வாங்குங்கள். ஒருமுறை எங்களுக்கு நல்ல மாதிரியைக் காட்டிவிட்டு மெல்லியதைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். லாரியிலிருந்து இறக்கிய பிறகுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் மாதிரித் துண்டு ஒன்றைக் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்கிறோம். சரக்கு வந்ததும் பத்துக்கு ஒன்றைப் பிரித்துத் தராசில் வைத்துப் பார்க்கிறோம். ஒரு தார்ப்பாயின் எடையைக் கிராமில் எடுத்து அதன் சதுர மீட்டரால் வகுத்தால் ஜிஎஸ்எம் வந்துவிடும்.

நிவாரண அமைப்புகள் பொதுவாகக் கொடுக்கும் அளவு 4 மீட்டருக்கு 5 மீட்டர். நம் ஊர்க் கடையில் 12-க்கு 15 அடியும் 15-க்கு 18 அடியும் இருக்கும். பத்துக்குப் பத்து அறைக்குப் பெரியதையே வாங்குங்கள். நாலு பக்கமும் ஒன்றரை அடியாவது வெளியே இறங்கினால்தான் சுவர் நனையாது.

கட்டும் முறையில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். ஆணி அடித்தால் அந்த ஓட்டையிலிருந்தே கிழியும். ஓரத்து வளையங்களில் நைலான் கயிறு கோத்துக் கூரைச் சட்டத்தில் கட்டுங்கள், ஒரு வளையம்கூட விடக்கூடாது. காற்று எந்தப் பக்கமாக உள்ளே புகும் என்று பார்த்து, வடக்கு ஓரத்தை முதலில் இறுக்குங்கள். மேலே சிமெண்ட் சாக்கில் மணல் நிரப்பி, இரண்டு சாக்கை ஒரே கயிற்றின் இரு முனையிலும் கட்டிக் கூரை முகட்டில் இருபுறமும் தொங்கவிட்டால் காற்று தூக்காது. செங்கல் வைக்காதீர்கள், காற்றில் உருண்டு ஆள் மேல் விழும்.

ஆஸ்பெஸ்டாஸ் சீட்டின் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது. வருடக்கணக்கில் உப்புக்காற்று பட்ட சீட் சட்டென்று உடையும். சட்டத்தின் மேல் வருமாறு பலகை போட்டு அதில் நடங்கள். சீட்டை உலர்ந்த நிலையில் அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. சின்ன விரிசல் என்றால் தார்ப் பட்டையோ எம்-சீல் பசையோ வைத்து அடைத்தால் போதும், அதற்கு முழுத் தார்ப்பாய் வீண். கணக்கெடுப்பில் "எங்கே ஒழுகுகிறது" என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

வேலைக்கு முகாமுக்குள்ளேயே ஆள் பாருங்கள், கூலி கொடுங்கள். கட்டட வேலை தெரிந்தவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். தங்கள் வீட்டுக் கூரையின் பலவீனம் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியாது.

5. தரை, பாய், அப்புறம் போர்வை

தாழ்ந்த தரையில் தண்ணீர் ஏறினால் பாய் உதவாது. அந்த வீடுகளுக்கு மரக்கட்டிலோ, செங்கல் அடுக்கி அதன்மேல் பலகையோ வேண்டும். வாசலில் மணல்மூட்டை இரண்டு அடுக்குப் போட்டாலே பாதித் தண்ணீர் நின்றுவிடும்.

கோரைப்பாய் அழகுதான், ஆனால் கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பாய் வாங்குங்கள், துடைத்தால் காய்ந்துவிடும். போர்வையிலும் இதே யோசனைதான். தடித்த கம்பளி நனைந்தால் மூன்று நாள் காயாது. மெல்லிய பருத்திப் போர்வை ஆளுக்கு இரண்டு கொடுத்தால் ஒன்று காயும்போது மற்றது உதவும். கைக்குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் மட்டும் கம்பளியோ ஸ்வெட்டரோ கூடுதலாக.

பழைய துணி வாங்காதீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரு வருடம் மனம் கேட்காமல் வாங்கிவிட்டோம். பிரித்து அடுக்க நாலு நாள் போனது, பாதிக்கு மேல் கிழிசலும் கறையும். ஒரு மூட்டைக்குள் பட்டன் இல்லாத பள்ளிச் சட்டைகளாகவே இருந்தன. அதை ஒரு பிள்ளையிடம் நீட்ட எங்களுக்குக் கை வரவில்லை.

6. தண்ணீரும் கொசுவும்

புயல் நாளில் கரண்ட் போகும். கரண்ட் போனால் பம்ப் ஓடாது, குழாயில் கூட்டுக் குடிநீர் வராது. இந்தக் கரையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு, அதைக் குடிக்க முடியாது. ஸ்பியர் அளவுப்படி ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர். நாலு பேர் வீட்டுக்கு மூன்று நாளைக்கு 180 லிட்டர். ஆக, வீட்டுக்கு ஒரு 200 லிட்டர் டிரம்.

டிரம் கொடுத்தால் மூடியும் சேர்த்துக் கொடுங்கள். மூடி இல்லாத டிரம், டெங்குக் கொசுவுக்கு நாமே கட்டிக் கொடுத்த தொட்டி. முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பிரஷ் ஒன்றின் விலை கொஞ்சம்தான், அதையும் டிரம்முக்குள் போட்டே கொடுத்துவிடுகிறோம்.

குளோரின் மாத்திரை கொடுத்தால், அட்டையில் இருக்கும் அளவையும் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் ஒரு வீட்டில் செய்தே காட்டுங்கள். ராமேசுவரம் தீவுப் பக்கம் மலேரியா வெகுநாளாக உள்ள இடம் என்பதால் வலை கொடுக்கும்போது மருந்து ஊறிய நீண்டகால வலையாகப் பாருங்கள்.

7. பெண்களுக்கான பை

இதை ஆண்கள் தீர்மானிக்க வேண்டாம். கணக்கெடுக்கப் போகும் பெண்களே தனியாகப் பேசி, நாப்கினா துணியா, உள்ளாடை என்ன அளவு என்று குறித்து வரட்டும். கறுப்புப் பையில் கட்டி, பெண்கள் கையாலேயே கொடுக்கட்டும். சோப்பு ஆளுக்கு மாதம் குளிக்க 250 கிராம், துவைக்க 200 கிராம் என்பது அளவுகோல். நாலு பேருக்கு மூன்று மாதம் என்றால் குளிக்கும் சோப்பு மட்டும் மூன்று கிலோ. பெரும்பாலான பைகளில் இரண்டு கட்டிதான் இருக்கும்.

8. கொடுக்கும் நாள்

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் வையுங்கள். வார நாளில் வைத்தால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும். நாம் கொடுக்கும் பொருளின் மதிப்பு அந்தக் கூலியிலேயே கழிந்துவிடும்.

முந்தின நாள் மாலை வீட்டுக்கே போய் டோக்கன் கொடுங்கள். டோக்கனில் வரிசை எண்ணும் நேரமும் இருக்கட்டும். எல்லாரையும் நாலு மணிக்கு வரச் சொன்னால் கூட்டம் நெரிக்கும், வலுத்தவர் முதலில் வாங்குவார். ஒரு மேசைக்கு மணிக்கு முப்பது குடும்பம் என்று வைத்தால் யாரும் பத்து நிமிடத்துக்குமேல் நிற்க மாட்டார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் மேசையைத் திறப்போம்.

பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள், பக்கத்தில் பொருள் எண்ணிக்கையை எழுதுங்கள். நூற்றுக்கு ஐந்து பங்கு பொருளைத் தனியே எடுத்து வையுங்கள். எவ்வளவு கவனமாக எண்ணினாலும் "எங்க வீடு விட்டுப்போச்சு" என்று ஒருவர் வருவார், அநேகமாக அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

முகம் தெரியும் போட்டோ வேண்டாம். அண்மையில் வந்தவர்களுக்கு அங்கே தலைமன்னாரிலோ வவுனியாவிலோ சொந்தம் இருக்கும். படம் எங்கே போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது. நன்கொடையாளருக்குப் பதிவேட்டின் மொத்தமும் பில்லும் போதும். அடுக்கி வைத்த பொருளைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் விநியோகத்தைத் தள்ளிப்போடுங்கள். அன்றைக்குக் கூரையை இறுக்கும் வேலை மட்டும்தான்.

9. கடல் வழியாகப் புதிதாக வருபவர்கள்

தனுஷ்கோடி பக்கத்து அரிச்சல்முனையிலோ கடல் நடுவே உள்ள மணல் திட்டிலோ ஆட்கள் தவிப்பதாகக் கேள்விப்பட்டால் நீங்களே படகு எடுத்துப் போக வேண்டாம். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இரண்டில் ஒன்றைக் கூப்பிடுங்கள். திட்டில் நிழலும் இல்லை, குடிநீரும் இல்லை. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அவர்கள் முகாமுக்கு வந்து சேரும்போது உடுத்த துணி பெரும்பாலும் உப்பில் ஊறியிருக்கும். அதற்காகப் பத்துக் குடும்பத்துக்கான பை எப்போதும் கட்டித் தயாராக இருக்கட்டும். ஒவ்வொரு பையிலும் மாற்றுத் துணி, துவாய், பாய், போர்வை, ஒரு பாத்திரம், தட்டு, டம்ளர், சவர்க்காரம், நாப்கின், பால்புட்டி கழுவும் பிரஷ். அதிகாரிகள் வழியாகவே கொடுங்கள், விசாரணை முடியும் வரை நாம் நேரில் பேச முயல வேண்டாம்.

10. முதல் பெருமழை விட்ட மறுநாள்

பலரும் விநியோகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீங்கள் அதே நோட்டை எடுத்துக்கொண்டு அதே வீடுகளுக்கு மறுபடி போங்கள். தேதியை அனுமதிக் கடிதத்திலேயே "முதல் மழைக்குப் பின் ஒரு பார்வை" என்று கேட்டு வைத்திருந்தால் சிக்கல் இருக்காது. எந்த வீட்டுக்குள்ளாவது தண்ணீர் நிற்கிறது என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077-க்கு அங்கிருந்தே சொல்லுங்கள்.

கூரையை உள்ளேயிருந்து நிமிர்ந்து பாருங்கள், கயிற்றை வெளியிலிருந்து இழுத்துப் பாருங்கள், டிரம் மூடியைத் திறந்து பாருங்கள். போன வருடம் அந்த அக்கா வீட்டுக்குப் போனபோது விரிசலுக்குக் கீழே வைத்திருந்த பானை அங்கே இல்லை. குசினியில் அடுப்பின் மேல் இருந்தது, சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு வீடு தள்ளி ஒரு தார்ப்பாயின் வடக்கு ஓரத்தில் ஒரு வளையம் மட்டும் கட்டாமல் விட்டுப்போய், அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஏணி வாங்கி வந்து அதைக் கட்டிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனோம்.